மலை ரயில் டியோராமாவை முழுக்கக் கையாலேயே செய்ய முடியுமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே நீலகிரி மலை ரயில் ஒரு பாலத்தைக் கடக்கும் காட்சியை இரண்டடிப் பலகையில் டியோராமாவாக, அதாவது நிஜக் காட்சியின் சின்ன மாதிரியாக, செய்ய ஆசை. கையில் ஒரு எச்.ஓ. ரயில் செட் இருக்கிறது. வெளிநாட்டு வீடியோக்களில் காட்டும் பொருள்கள் இங்கே கிடைப்பதில்லை, கிடைத்தாலும் விலை கட்டுப்படியாகவில்லை. போன தடவை தெர்மோகோலில் செய்த மலை, ஸ்ப்ரே பெயின்ட் பட்டதும் உருகிவிட்டது. மலை, பாலம், மரம் எல்லாவற்றையும் கையாலேயே செய்துவிட முடியுமா என்று கேட்கிறீர்கள். தாராளமாக முடியும். ஆனால் கடைசி வரியில், எவ்வளவு பார்த்துச் செய்தாலும் கொலு பார்க் மாதிரியேதான் தெரிகிறது என்று போட்டிருக்கிறீர்களே, உங்களைக் குடைவது அதுதான் என்று எனக்குப் படுகிறது. அதற்கும் நீங்கள் வாங்காத பொருள்களுக்கும் சம்பந்தம் குறைவு. அளவு தப்பும்போதுதான் கண் ‘இது பொம்மை’ என்று முடிவு கட்டுகிறது.

கொலு பார்க்கைக் குறைத்துச் சொல்லவில்லை. நம்மில் பலருக்கு முதல் டியோராமாவே அதுதான். அங்கே செட்டியார் பொம்மை கோபுரத்தைவிடப் பெரிதாக உட்கார்ந்திருப்பார், கேழ்வரகு முளை புல்லாகவும் இருக்கும் காடாகவும் இருக்கும், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அந்த விளையாட்டின் விதி வேறு. நான் கோவையில் கட்டட மாடல் செய்யும் பட்டறையில் பல வருஷம் இருந்தவன். விளம்பரத்துக்கு அடுக்குமாடி மாடல், பொருட்காட்சிக்கு அணை மாடல், இடையிடையே கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கும் காட்சிகள் என்று வேலை ஓடியது. ரயில் ஓடுவதற்கான மோட்டார், வயரிங் சமாசாரம் என் தொழில் இல்லை. அதனால் நிற்கிற காட்சிக்கு மட்டும் சொல்கிறேன். ஓட வைக்கப் போவதாக இருந்தால் பாதையின் வளைவு, ஏற்றம் எல்லாவற்றையும் அந்தத் துறைக்காரர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

முதலில் உங்கள் ரயில் செட். எச்.ஓ. என்றால் 1:87, அதாவது எல்லாமே நிஜத்தில் 87இல் ஒரு பங்கு. அந்தப் பாதையின் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே 16.5 மி.மீ. இருக்கும். 87 ஆல் பெருக்கினால் 1435 மி.மீ., அதாவது ஐரோப்பா, அமெரிக்காவில் ஓடும் ஸ்டாண்டர்ட் கேஜ். நீலகிரி ரயில் மீட்டர் கேஜ், சரியாக 1000 மி.மீ. 1:87 இல் அது 11.5 மி.மீ. தான் வரும். செட்டில் வந்த பாதையை அப்படியே பாலத்தின் மேல் ஒட்டினால், மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் பாதை ஒன்றரை மடங்கு அகலமாகத் தெரியும். பார்ப்பவருக்கு எது தப்பு என்று சொல்லத் தெரியாது. ஏதோ தப்பு என்று மட்டும் தெரியும். உங்களுக்கு இரண்டு வழி. அந்தப் பாதையை வைத்தே தீருவேன் என்றால் 1000 ஐ 16.5 ஆல் வகுத்து, கிட்டத்தட்ட 1:60 என்று அளவை மாற்றிக்கொண்டு எல்லாவற்றையும் அதில் செய்யலாம். ஆனால் இரண்டடிப் பலகைக்கு அது பெரிது, பாலம் மட்டுமே அடங்கும். நானாக இருந்தால் செட்டை மூட்டைகட்டி வைத்துவிட்டு, 1:87 இல் 11.5 மி.மீ. பாதையைக் கையாலேயே போடுவேன். கடையில் கிடைக்கும் 12 மி.மீ. பாதையும் பரவாயில்லை, அந்த அரை மில்லிமீட்டர் கண்ணுக்குத் தெரியாது.

கையால் பாதை போடுவது பயப்படுகிற அளவுக்குக் கஷ்டமில்லை. தண்டவாளத்துக்கு அடியில் குறுக்காகப் போடும் மீட்டர் கேஜ் மரச் சிலீப்பர் கட்டையின் வழக்கமான அளவு 1830 மி.மீ. நீளம், 203 மி.மீ. அகலம். 1:87 இல் 21 மி.மீ. நீளம், 2.3 மி.மீ. அகலம். வீட்டில் இருக்கும் மரத் தீக்குச்சியின் தலையைக் கிள்ளிவிட்டு இரண்டாக வெட்டினால் ஏறத்தாழ இரண்டு சிலீப்பர். மெழுகுக் குச்சி ஆகாது, சாயம் பிடிக்காது. எல்லாக் குச்சியையும் ஒரே நிறத்தில் முக்கி எடுக்காதீர்கள். பாதியை டீ டிகாஷனில் ஊறவையுங்கள், மீதியை மையும் தண்ணீரும் கலந்ததில் போடுங்கள், நாலைந்தை அப்படியே விடுங்கள். கலந்து ஒட்டும்போது அவ்வப்போது மாற்றிய கட்டைகள் போலவே தெரியும். தண்டவாளத்துக்கு 1 மி.மீ. உயரமுள்ள ஸ்டைரீன் என்கிற பிளாஸ்டிக் பட்டை போதும். நிஜத்தில் மீட்டர் கேஜ் தண்டவாளம் 10, 11 செ.மீ. உயரம்தான். தலைப்பகுதியில் மட்டும் பென்சில் கரியைத் தேய்த்துவிட்டால் சக்கரம் ஓடித் தேய்ந்த பளபளப்பு வந்துவிடும்.

கல்லாறிலிருந்து குன்னூர் வரைக்கும் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் பல் வெட்டிய இரட்டை இரும்புச் சட்டம் ஓடும். ஆப்ட் முறை என்பார்கள். ஒரு சட்டத்தின் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம் வருமாறு தள்ளித் தள்ளி வைத்திருப்பார்கள், இன்ஜினின் பல்சக்கரம் எந்த நேரத்திலும் ஏதோ ஒரு பல்லைப் பற்றியிருக்கும். குன்னூருக்கு மேலே ஊட்டி வரை இது கிடையாது. அதனால் எந்த இடத்தைச் செய்கிறீர்கள் என்பதை முதலிலேயே தீர்மானிக்க வேண்டும். 1:87 இல் ஒவ்வொரு பல்லாக வெட்ட முயல்வது வீண் வேலை. பழைய அலாரம் கடிகாரத்தைப் பிரித்து அதிலிருந்து சின்னப் பல்சக்கரம் ஒன்றை எடுத்து, பேனாக் குழாயில் ஊசி செருகி அதில் சுழலும்படி மாட்டிக்கொள்ளுங்கள். மெல்லிய ஸ்டைரீன் பட்டையின் ஓரத்தில் அதை அழுத்தி உருட்டினால் வரிசையாகப் பல் விழும். இரண்டு பட்டையை அரைப் பல் தள்ளி ஒட்டி, தண்டவாளத்தைவிட ஒரு இழை உயரமாகப் பொருத்தினால் முடிந்தது. அந்தச் சக்கரத்தைத் தூக்கி எறிய வேண்டாம், பாலத்துக்கு இன்னொரு முறை வேண்டியிருக்கும்.

ஏற்றம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், முக்கால்வாசிப் பேர் சறுக்குவது இங்கேதான். இந்தப் பாதையின் செங்குத்தான ஏற்றம் 12க்கு 1. உங்கள் 60 செ.மீ. பலகை நிஜத்தில் 52 மீட்டர், அந்த நீளத்துக்குப் பாதை 5 செ.மீ. ஏற வேண்டும். ஏறக்குறைய 5 பாகை சாய்வு. பாதை சாயும், அதன் மேல் நிற்கும் பெட்டி சாயும், பாதையைத் தாங்கும் பாலத்தின் இரும்பு உத்தரமான கர்டரும் பாதையோடு சேர்ந்து சாயும். ஆனால் பாலத்தின் கல் தூண் சாயாது. தூணின் கல் வரிசைகள் மட்டமாகத்தான் இருக்கும், தூணின் தலையில் மட்டும் கர்டர் உட்கார ஏற்ற இறக்கம் செய்திருப்பார்கள். மரமும் தந்திக் கம்பமும் நேர் செங்குத்து. பாதைக்குச் செங்குத்தாகத் தூணை நட்டுவிட்டால் மொத்தக் காட்சியும் மேஜையைச் சாய்த்து வைத்தது போல ஆகிவிடும். பலகையின் ஓரத்தில் ஒரு நூலில் இரும்பு நட்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு, ஒவ்வொரு தூணையும் மரத்தையும் அதோடு ஒப்பிட்டுத்தான் நட வேண்டும்.

பாலத்தின் அளவை எங்கே பிடிப்பது என்றால், நல்ல புகைப்படம் ஒன்று போதும். நேர் பக்கவாட்டில் எடுத்ததாக இருக்கட்டும். பாதையின் அகலம் 1 மீட்டர் என்பது உறுதியாகத் தெரியும், சிலீப்பர் நீளமும் தெரியும். பாலத்தின் மீது மனிதர் நடந்து போனால் இன்னும் வசதி. அவற்றை அளவுகோலாக வைத்துக்கொண்டு மற்றதைக் கணக்கிடலாம். இப்படி எடுக்கும் அளவு பத்தில் ஒரு பங்கு முன்னே பின்னே இருக்கும், காட்சிக்கு அது தாங்கும். ஸ்பான், அதாவது இரண்டு தாங்கலுக்கு நடுவிலுள்ள தூரம், 12 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் கர்டர் 13.8 செ.மீ. வரும், பலகையில் இரண்டு ஸ்பானும் நடுவில் ஒரு தூணும் அழகாக உட்காரும்.

கர்டரை அரை மில்லிமீட்டர் ஸ்டைரீன் ஷீட்டிலோ, ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் கெட்டியான ஐவரி போர்டிலோ வெட்டலாம். ஐவரி போர்டு என்றால் வெட்டியதும் விளிம்பில் ஃபெவிக்விக் ஒரு ஓட்டம் விட்டு உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள், இரும்புத் தகடு போலக் கூர்மையாக நிற்கும். ஐ வடிவம், குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு செங்குத்துப் பட்டை, இரண்டு கர்டருக்கும் நடுவே குறுக்குக் கம்பிகள், அவ்வளவுதான் அமைப்பு. பார்ப்பவர் கண் நிற்கும் இடம், தகடுகளை இணைக்கும் ரிவெட்டு ஆணிகளின் வரிசை. தையல்காரர் வைத்திருக்கும் டிரேசிங் வீலைப் பலர் சொல்வார்கள். அதன் புள்ளி இடைவெளி 2, 3 மி.மீ. வரும், நிஜத்தில் அது கால் மீட்டருக்கு ஒரு ரிவெட்டு என்று ஆகும். உண்மையில் சுமார் 10 செ.மீ.க்கு ஒன்று இருக்கும், அதாவது 1 மி.மீ.யைவிடச் சற்றே அதிகம். இங்கேதான் அந்தக் கடிகாரச் சக்கரம். அட்டையின் பின்பக்கம் ஸ்கேல் வைத்து உருட்டினால் முன்பக்கம் மயிரிழைப் புடைப்பு வரிசையாக எழும். அதன் மேல் தடியாகப் பெயின்ட் அடித்துவிட்டால் எல்லாம் மூடிவிடும், ஆகவே மெல்லிய கோட்டாக இரண்டு தடவை.

இன்னொன்று. இந்த மாதிரி கர்டர் பாலத்தின் மேல் ஜல்லி கிடையாது. சிலீப்பர் கட்டை நேராகக் கர்டர் மேல் உட்காரும், கட்டைகளின் இடைவெளி வழியாகக் கீழே பள்ளம் தெரியும். அந்த இடைவெளி தெரிவதுதான் பாலத்தின் பயமே. அதை ஜல்லி போட்டு மூடிய எத்தனையோ மாடல்களைப் பார்த்துவிட்டேன். ஜல்லி பாலத்தின் இரு முனையோடு நின்றுவிட வேண்டும். அதற்கும் அளவு உண்டு. நிஜ ஜல்லி 5 செ.மீ. வாக்கில் இருக்கும், 1:87 இல் 0.6 மி.மீ. கட்டட வேலை நடக்கும் இடத்தில் ஒரு கை எம்-சாண்ட் வாங்கி, முதலில் டீ வடிகட்டியில் சலித்துப் பெரியதைத் தள்ளுங்கள், பிறகு துணியில் சலித்துத் தூசைத் தள்ளுங்கள். நடுவில் தங்குவது உங்கள் ஜல்லி. என்றாவது ரயிலை ஓட்டும் எண்ணம் இருந்தால் மணலுக்குள் ஒரு காந்தத்தை விட்டுத் துழாவி இரும்புத் துகளை எடுத்துவிடுங்கள், அது மோட்டாரில் போய் ஒட்டும். மணலைக் காய்ந்த நிலையிலேயே பரப்பி, பிரஷால் ஒழுங்குபடுத்திவிட்டு, ஒரு பங்கு ஃபெவிகாலுக்கு மூன்று பங்கு தண்ணீரும் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவமும் கலந்து சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அந்தச் சொட்டு சோப்பு இல்லாவிட்டால் தண்ணீர் முத்துமுத்தாக உருண்டு மணலையும் இழுத்துக்கொண்டு ஓடும்.

இனி மலை. தெர்மோகோல் உருகியதற்குக் காரணம் ஸ்ப்ரேயில் இருக்கும் கரைப்பான். தெர்மோகோல் என்பது காற்றடைத்த பாலிஸ்டைரீன், தின்னர், அசிட்டோன் வகையறா பட்டால் கரைந்துவிடும். செருப்புக்கு ஒட்டும் மஞ்சள் ரப்பர் பசையும் அதைத் தின்னும், ஃபெவிக்விக்கும் தின்னும். வெள்ளை ஃபெவிகால் ஒன்றும் செய்யாது. தெர்மோகோலுக்குப் பதில் எக்ஸ்.பி.எஸ். போர்டு என்று கேட்டுப் பாருங்கள். கோல்டு ஸ்டோரேஜுக்கும் மொட்டை மாடிச் சூட்டுக்கும் போடுகிற நீலமோ இளஞ்சிவப்போ ஆன பலகை. அதே பாலிஸ்டைரீன்தான், கரைப்பானுக்கு அதுவும் கரையும், ஆனால் முத்துமுத்தாக உதிராது, கத்தி வழுக்கிக்கொண்டு போகும். அடுக்கி ஒட்டும்போது முழுப் பரப்பிலும் ஃபெவிகால் தடவினால் நடுவில் காற்றுப் படாமல் நாள் கணக்கில் ஈரமாகவே கிடக்கும். அங்கங்கே பொட்டு வைத்து மூங்கில் குச்சியால் குத்தி நிறுத்துங்கள். சூட்டுக் கம்பியால் வெட்டுவதாக இருந்தால் மொட்டை மாடிக்குப் போய்விடுங்கள், அந்தப் புகை மூச்சுக்கு ஆகாது. வடிவம் வந்தபின் ஃபெவிகாலும் வால் புட்டியும் குழைத்து இரண்டு பூச்சு. அதன் மேல் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் மட்டும், அதுவும் பிரஷால். பூச்சு இருக்கிறதே என்று ஸ்ப்ரேயை எடுக்க வேண்டாம், ஊசிமுனை ஓட்டை ஒன்று விட்டுப்போனால் உள்ளே குகை விழுந்துவிடும்.

பாறை விஷயத்தில்தான் வெளிநாட்டு வீடியோக்கள் நம்மை ரொம்பக் கெடுத்துவிட்டன. அவர்கள் செய்வது பெரும்பாலும் அடுக்கடுக்கான, காவி நிறப் பாறை. அவர்கள் ஊர் மலை அப்படி. நீலகிரி மலையில் பெரும்பகுதி சார்னோக்கைட் என்கிற கருங்கல் வகை, நம் பரங்கிமலையும் இதே கல்தான். இதில் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தது போன்ற அடுக்கு தெரியாது. வெடி வைத்து உடைத்த இடத்தில் பெரிய பெரிய முகங்களாக, கோணல் மாணலான விரிசல்களோடு நிற்கும், புதிதாய் உடைந்த முகம் நீலம் பாய்ந்த கருஞ்சாம்பல், பழைய முகம் மங்கிக் கறுத்திருக்கும். வெட்டப்படாமல் சரிவில் கிடப்பது உருண்டையாகத் தேய்ந்திருக்கும். மேலே செம்பழுப்பு மண், அதற்குக் கீழே மஞ்சளாய் மக்கிய பாறை, அதற்கும் கீழே கருங்கல் என்று வெட்டுச் சரிவில் நிறம் மாறிக்கொண்டே இறங்கும். மண்ணும் பாறையும் சேரும் இடத்தில் தேங்காய் நாரை ஒவ்வொரு இழையாகப் பிரித்து வேர் போலத் தொங்கவிடுங்கள். மழைக்காலத்தில் விரிசல்களிலிருந்து தண்ணீர் கசிந்து கறுப்புக் கோடாக வழியும், அதன் ஓரத்தில்தான் பாசியும் பெரணியும் இருக்கும், மற்ற இடத்தில் இருக்காது. இந்த ஒரு கசிவுக் கோட்டைச் சரியாக இழுத்துவிட்டால் ‘அட, இது பர்லியாறு பக்கம் இல்லையா’ என்பார்கள்.

இந்தப் பாறையை வார்க்க அச்சுக்குத் தேட வேண்டியதில்லை. ரோட்டோரம் கொட்டியிருக்கும் கருங்கல் ஜல்லியிலேயே கையளவு துண்டு ஒன்று எடுங்கள். உடைந்த கல்லின் முகம் சிறிதிலும் பெரிதிலும் ஒரே மாதிரி விரிசல் காட்டும், அதனால் அதுவே மலைப் பாறைக்கு அச்சு. சமையலறை அலுமினியம் ஃபாயிலைக் கசக்கி விரித்து அந்தக் கல்லின் மேல் வைத்து விரலால் அழுத்தி, கழற்றி, மணல் நிரப்பிய டப்பாவில் மல்லாத்தி வைத்துப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றலாம். சிலிக்கான் ரப்பர் வாங்க முடிந்தால் அச்சு பல தடவை உழைக்கும். பிளாஸ்டரைக் கலக்கும்போது தண்ணீரில் பொடியைத் தூவ வேண்டும், பொடியில் தண்ணீரை ஊற்றக் கூடாது, ஊற்றினால் கட்டி தட்டும். பழைய மூட்டையில் ஈரம் குடித்த பொடி சரியாக இறுகாமல் உதிர்ந்துவிடும், ஆகவே மழைக்காலத்தில் கால் கிலோவாகப் புதிதாக வாங்குங்கள். நாலைந்து துண்டு வார்த்து, பனீர் பதத்தில் இருக்கும்போதே உடைத்துச் சரிவில் பொருத்தி, இடைவெளியை அதே பிளாஸ்டரால் அடைத்துக் கத்தி முனையால் விரிசல் கோட்டை ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்குத் தொடரச் செய்ய வேண்டும். தொடராவிட்டால் ஒட்டுப்போட்டது தெரிந்துவிடும். பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும். குழந்தைகள் கூட உட்கார்ந்தால், கையை அதற்குள் விட்டு அச்சு எடுக்க விடாதீர்கள், புண்ணாகிவிடும்.

மரத்துக்கு வருவோம். 20 மீட்டர் மரம் 1:87 இல் 23 செ.மீ. உயரம். உங்கள் பாலத்தையே மறைக்கும். எல்லோரும் ஐந்தாறு செ.மீ. மரங்களை நட்டு அதைக் காடு என்கிறார்கள், பக்கத்தில் நிற்கும் பெட்டியோடு ஒப்பிட்டால் அது கொய்யா மரம். முன்பக்கம் மரமே வேண்டாம், புதர் போதும். பின்பக்கம் இரண்டு மூன்று மரத்தையாவது நிஜ உயரத்தில் நடுங்கள், அவற்றின் உச்சி காட்சியைச் சுற்றிப் போடும் சட்டத்துக்கு மேலே போனாலும் போகட்டும். எலெக்ட்ரிக் வயரை உரித்துச் செம்பு இழைகளை முறுக்கிக் கிளை பிரித்து, ஃபெவிகால் புட்டி பூசினால் அடிமரம். சாலையோரக் குப்பைமேனியைப் பிடுங்கி வேரைக் கழுவிக் காயவைத்துத் தலைகீழாகப் பிடித்தாலும் நல்ல கிளை அமைப்பு கிடைக்கும். இலைக்குப் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைக் கிள்ளி, தண்ணீரும் அக்ரிலிக் நிறமும் சேர்த்துப் பழைய மிக்ஸி ஜாரில் அரைத்துக் காயவையுங்கள். மூன்று பச்சையாவது வேண்டும், அதில் ஒன்று மஞ்சள் கலந்தது. அந்த ஜார் மறுபடியும் சமையலறைக்குள் போகக் கூடாது. சருகுக்கு, வடிகட்டிய டீத்தூளை நன்றாகக் காயவைத்தது.

கல்லாறு பக்கத்துப் பாக்குத் தோப்பைக் காட்ட விரும்பினால் ஒரு வசதி இருக்கிறது. விளக்குமாற்று ஈர்க்குச்சியின் தடிமன் 2 மி.மீ., 1:87 இல் 17 செ.மீ. பாக்கு மரத் தண்டின் தடிமனே அதுதான். 17 செ.மீ. நீளத்துக்கு வெட்டினால் 15 மீட்டர் மரம், உச்சியில் இரண்டு செ.மீ. காகித ஓலை எட்டு. மேலே குன்னூரை ஒட்டிய காட்சி என்றால் தேயிலை வரும். தேயிலைச் செடி இடுப்பளவு உயரத்தில் தட்டையாகக் கவாத்து செய்தது, 1:87 இல் 9 மி.மீ. ஸ்பாஞ்சைச் சிறு சிறு உருண்டையாக ஒட்டிவிட்டுக் கத்தரிக்கோலால் மேற்பரப்பைச் சரிவுக்கு இணையாக நறுக்கிவிட வேண்டும், நடுநடுவே நெட்டையான சில்வர் ஓக். பாக்கையும் தேயிலையையும் ஒரே பலகையில் வைக்காதீர்கள். அங்கே ஏறியிறங்கியவர்கள் சிரிப்பார்கள்.

பாலத்தின் கீழே ஓடை. இதற்கு, ஊற்றி இறுகவிடும் ரெசின் வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி. மலை ஓடையில் தண்ணீரைவிடப் பாறைதான் அதிகம். அடியைக் கறுப்பும் பழுப்புமாகத் தீட்டி, பளபளப்பான அக்ரிலிக் வார்னிஷ் நாலைந்து பூச்சு கொடுத்து, வெள்ளம் கல்லில் மோதும் இடத்தில் பஞ்சு இழையை அதே வார்னிஷில் நனைத்து ஒட்டினால் போதும். ஃபெவிகாலைத் தண்ணீராகப் பயன்படுத்தலாம் என்று சொல்வார்கள், காய்ந்ததும் தெளிவாகத்தான் இருக்கும், ஈரக்காற்றில் மறுபடி பால் கட்டிவிடும். ரெசின் ஊற்றியே ஆக வேண்டும் என்றால் எப்பாக்ஸி மட்டும், அதுவும் மெல்லிய அடுக்காக. ஃபைபர் கிளாஸ் வேலைக்குத் தரும் பாலியஸ்டர் ரெசினில் ஸ்டைரீனே கரைப்பானாக இருக்கிறது, அது உங்கள் மலையை அடியோடு கரைத்துவிடும். அதை இறுக வைக்க அதோடு தரும் ஆக்சிலரேட்டரையும் கேட்டலிஸ்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் தீப்பிடிக்கும், அந்தச் சனியன் வீட்டுக்குள்ளேயே வேண்டாம்.

இதுவரை சொன்னதில் அளவுக் கணக்கும் பசை, கரைப்பான் விஷயமும் உறுதியானவை, யார் செய்தாலும் அப்படித்தான் நடக்கும். நிறம் பற்றிச் சொல்லப்போவது அப்படி இல்லை. சின்ன அளவில் செய்யும்போது நிஜ நிறத்தைவிடச் சற்று வெளுப்பாக அடிக்க வேண்டும் என்று ஒரு கொள்கை உண்டு. தூரத்திலிருந்து பார்க்கும்போது காற்று நிறத்தை மங்கச் செய்கிறது என்பது காரணம். பட்டறையிலேயே இதைப் பற்றிச் சண்டை நடக்கும். வீட்டு டியூப்லைட் வெளிச்சத்தில் வெளுப்பாக அடித்தது எடுபடுகிறது என்பது என் அனுபவம், ஜன்னலோரம் வைக்கப்போகிறீர்கள் என்றால் அவ்வளவு வெளுக்க வேண்டியதில்லை. எங்கே வைப்பீர்களோ அந்த விளக்கின் கீழேயே தீட்டுவதுதான் நல்லது. ‘மஞ்சள் பூக்காத’ எப்பாக்ஸி என்று டப்பாவில் போட்டிருப்பதும் அப்படித்தான், கம்பெனிக்குக் கம்பெனி மாறும், வெயில் படாமல் வைத்தால் எதுவும் கூடுதல் காலம் தாங்கும்.

பின்னணிக்கு எதிர் மலையை மட்டும் வெளிறிய நீலத்தில் தீட்டுங்கள், அதில் விவரம் எதுவும் வேண்டாம். நியூயார்க்கில் உள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் விலங்குக் காட்சிகளுக்குப் பின்னணி தீட்டிய ஜேம்ஸ் பெர்ரி வில்சன், வளைந்த சுவரில் காட்சி கோணாமல் இருக்கக் கட்டம் போட்டுக் கணக்கிட்டுத் தீட்டியவர். நமக்கு அவ்வளவு தேவையில்லை. ஆனால் அந்தக் காட்சிகளின் புகைப்படங்களைப் பெரிதாக்கி, நிஜ மண் முடிந்து ஓவியம் தொடங்கும் இடம் எது என்று தேடிப்பாருங்கள். எப்போதும் ஒரு மேடோ புதரோ அதை மறைத்திருக்கும். உங்கள் பலகையிலும் பின் விளிம்புக்கு முன்னால் ஒரு சின்ன மேடு வேண்டும்.

ரயிலை எப்படி நிறுத்துவது என்பதில் ஒரு எச்சரிக்கை. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது நீராவி இன்ஜின் முன்னால் நின்று இழுப்பதில்லை, பள்ளத்துப் பக்கம் நின்று பெட்டிகளை மேலே தள்ளும். நீலமும் கிரீமுமான பெட்டிகள் மேட்டுப் பக்கம், இன்ஜின் கீழ்ப்பக்கம். இதை மாற்றி வைத்துவிட்டால் மற்ற எவ்வளவு நுணுக்கமும் பிரயோஜனமில்லை. ஒவ்வொரு பெட்டியின் முன் மேடையிலும் கொடியோடு, பிரேக் போடும் பிரேக்ஸ்மேன் ஒருவர் நிற்பார். மெல்லிய கம்பியில் எம்-சீல் பொதிந்து அவரைச் செய்யலாம், உயரம் 19 மி.மீ., அதற்கு மேல் ஒரு இழைகூட வேண்டாம். ஹில்குரோவ் ஸ்டேஷன் குரங்கையும் வைக்க ஆசைப்பட்டால் அது 6 மி.மீ. இரண்டடிப் பலகையில் முழு ரயிலும் அடங்காது, அடங்கவும் வேண்டாம். இன்ஜினும் ஒன்றரைப் பெட்டியும் பாலத்தின் மேல், மீதிப் பெட்டி பாறை வெட்டுக்குள் புகுந்து சட்டத்தின் விளிம்பில் அறுபட்டால், ரயில் அதற்கு அப்பாலும் இருக்கிறது என்று பார்ப்பவரே நினைத்துக்கொள்வார்.

கடைசியாக, நீங்கள் கேட்காதது ஒன்று. அடிப்பலகை 12 மி.மீ. பிளைவுட்டாக இருக்கட்டும், ஈர வேலை தொடங்குவதற்கு முன்பே இரண்டு பக்கமும் பெயின்ட் அடித்துவிடுங்கள், ஒரு பக்கம் மட்டும் அடித்தால் வளையும். இயற்கைப் பொருள் எதுவாக இருந்தாலும், மண், வேர், டீத்தூள் எல்லாவற்றையும், வாணலியில் நன்றாக வறுத்துவிட்டுப் பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் முதல் மழையிலேயே பூஞ்சை பிடிக்கும், விதை முளைக்கக்கூடச் செய்யும். மைதாப் பசை தொட்ட இடமிருந்தால் எறும்பும் வெள்ளிப்பூச்சியும் வரும். பைண்டிங்காரர்கள் பசையில் மயில்துத்தம் சேர்ப்பது அதற்காகத்தான், ஆனால் அது விஷம், குழந்தைகள் இருக்கும் வீட்டில் மைதாவையே தவிர்ப்பது மேல். தூசு படாமல் கண்ணாடிப் பெட்டி போடுவீர்கள். அப்போது பூச்சிக்குப் பயந்து உள்ளே அந்துருண்டை போட்டுவிடாதீர்கள். நாப்தலீன் ஆவி மூடிய பெட்டிக்குள் தங்கிப் பாலிஸ்டைரீனை இளக்கும், ஸ்ப்ரே ஒரு நிமிஷத்தில் செய்ததை அது ஆற அமரச் செய்யும். சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டை மலைக்குப் பின்னால் வைத்து, மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் மாற்றிவிடுங்கள்.